மூன்று வாரத்துப் பக்கங்கள்

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் “அருவி ஊரா?” என்று கேட்பார்கள். குத்தாலம் வேறு, குற்றாலம் வேறு என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. இங்கே அருவி கிடையாது. மயிலாடுதுறைக்கும் ஆடுதுறைக்கும் நடுவே காவிரிக் கரையில் இருக்கும் ஊர். கோயிலில் இருக்கிற உத்தால மரத்தின் பெயரே மருவிக் குத்தாலம் ஆனது என்பார்கள். தேவாரத்தில் இதற்குத் திருத்துருத்தி என்று பெயர். துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. ஒரு காலத்தில் சுற்றிலும் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும்.

2017 ஆடி மாதம் மகள் பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினாள். கொண்டுவந்த பையன் போனில் “மெயின் அருவிக்குப் பக்கத்துலயா சார்?” என்றான். நல்ல வேளை, வண்டி அவனை எங்கள் ஊருக்குத்தான் கொண்டுவந்திருந்தது; அவன்தான் மனசளவில் தென்காசியில் இருந்தான். பெட்டிக்குள் ஒரு கிண்டில். நான் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நானாகத்தான் இருக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் தெருவே வந்து அபிப்பிராயம் சொன்னது. எதிர் வீட்டுப் பையன் தடவிப் பார்த்துவிட்டு, “கலர் வராதா மாமா?” என்றான். வராது என்றேன். “வாட்ஸ்அப்?” அதுவும் வராது. “அப்ப என்னதான் பண்ணும்?” “புஸ்தகம் படிக்கலாம்டா.” சற்று நேரம் யோசித்து, “அது மட்டுந்தானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்கோ அது மட்டும்தான் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

முதன்முதலில் இப்படி ஒரு கருவியை நான் பார்த்தது 2010 வாக்கில். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மைத்துனர் காட்டினார். கீழே பொத்தான் பொத்தானாக விசைப்பலகை வைத்த ஒன்று. பெருமையாகத் தமிழ் கோப்பு ஒன்றைத் திறந்தார். ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் எங்கேயோ. வேறு சில எழுத்துகள் வரவேண்டிய இடங்களில் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்துகள் வரிசை கலைந்து பந்தியில் இடம் தேடுகிறவர்களைப் போல அலைந்துகொண்டிருந்தன. “சாஃப்ட்வேர் அப்டேட் ஆனா சரியாயிடும்” என்றார் மைத்துனர். நான் தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த வாரப் பத்திரிகைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் தமிழ் வாசகன் சும்மா இருக்கிறவன் இல்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் கருவிகளே பிறக்கவில்லை. உலகெங்கும் இருந்த தமிழர்கள் அலுவலகம் முடிந்து வந்து, சங்க இலக்கியத்தையும் தேவாரத்தையும் வரிவரியாகத் தட்டச்சு செய்து வைத்தார்கள். கூலி கிடையாது. 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் நண்பர்கள் இன்னும் ஒரு படி போய், எழுத்து உடையாதபடி ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துப் பி.டி.எஃப். செய்து கொடுத்தார்கள். உடம்புக்குத் தக்க சட்டை கிடைக்காதவன் வீட்டிலேயே தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. 2016 டிசம்பரில்தான் அமேசான் தமிழ், இந்தி உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்க ஆரம்பித்தது. 2007-ல் 399 டாலருக்கு வந்த முதல் கிண்டில் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனதாம். தமிழ் அதற்குள் முறையாக நுழைய ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

என் கைக்கு வந்த கருவியில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன. இருநூறு கிராம் எடை இருக்கும். ஒரு கட்டு வெற்றிலையைத் தூக்கிய மாதிரி இருந்தது. பக்கம் புரளும்போது சில சமயம் திரை முழுக்கக் கறுத்து வெளுத்தது. அதுதான் முதலில் கொஞ்சம் திடுக்கென்றது. வெயிலில் கொண்டுபோய்ப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்தேன். போன் திரையாக இருந்தால் என் முகம்தான் தெரியும். இதில் எழுத்து, காகிதத்தில் அச்சடித்தது போலவே நின்றது. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் மணலில் நடந்து போய், குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை வைத்துப் பூஜை போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தேழு. இரண்டு கண்ணிலும் புரை அறுத்தாகிவிட்டது, ஆனாலும் பொடி எழுத்து பிடிபடாது. பத்திரிகையைக் கையில் வாங்கி, தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து வருஷமாக அப்படித்தான். ஒருநாள் சும்மா, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, திரையை ஒரு தள்ளுத் தள்ளினாள். பக்கம் புரண்டது.

“எச்சில் வேண்டாம்மா, இது காகிதம் இல்ல.”

“அது எனக்குத் தெரியாதா? கை தன்னால போவுது.”

கடைசி வரைக்கும் எச்சில் தொட்டுத்தான் புரட்டினாள். வாரத்துக்கு ஒருமுறை மெல்லிய துணியால் நான் துடைத்து வைப்பேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்திலிருந்து 1997-ல் பிரிந்து வந்த ஒரு நிறுவனம் செய்த மை. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத பல லட்சம் குமிழ். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். ஒன்றுக்கொன்று எதிர் மின்னூட்டம். மின்சாரம் இழுக்கிற பக்கம் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். வந்தது வந்தபடி நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம், புரட்டுவதற்குத்தான் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புதுத் தண்ணி வந்தா வண்டல் மேல வரும், தெளிஞ்சா அடியில போயிடும். அவ்வளவுதானே?” என்றாள். அவ்வளவுதான்.

பக்க எண்ணுக்குப் பதில் கீழே சதவீதம் காட்டியது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. “முப்பத்திநாலுன்னு போட்டிருக்கான். முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸு?” என்று, இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பாஸ் ஆன பிறகுதான் சாப்பிட எழுந்து வருவாள்.

புத்தகம் வாசகன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்று பாடுபட்டவர் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர்தான். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். உலகத்து நூலகர்கள் எல்லாம் மனப்பாடம் செய்கிற ஐந்து விதிகளை அவர் புத்தகமாக்கியது 1931-ல். அதே 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகம் புறப்பட்டது, தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். எல்லா நூலகமும் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுகள்தான் ஞாபகம் வரும். வரப்போரம் வண்டி நிற்க, மணிச்சத்தம் கேட்டு யாராவது களத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்திருப்பார்கள். அந்த வண்டியில் ஒரு புத்தகத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர் உங்களிடம் கதையைக் கேட்பார். நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா முதலில் கேட்டது பொன்னியின் செல்வன். அது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு அடுத்தபடி. கல்கி பிறந்த புத்தமங்கலம் மாயவரம் பக்கம்தான் என்பதால், எங்கள் தாத்தா அவரை ஏதோ பங்காளி போலப் பேசுவார். 1950-லிருந்து 1954 வரை அந்தத் தொடர் வந்த காலத்தில் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் முதலில் தாத்தா, அப்புறம் மாமா, அப்புறம் பெரியம்மா. அம்மா கடைக்குட்டி, பத்து வயசு. அவள் முறை வருவதற்குள் தாத்தா தொடரை மட்டும் கத்தரித்துக் கள்ளிப்பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிடுவார். பெரியம்மா வாய்வழியாகக் கேட்டதுதான் அம்மாவின் பொன்னியின் செல்வன்.

1952 நவம்பர் கடைசியில் புயல் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல். தஞ்சை ஜில்லாவில் பழைய ஆட்கள் வயசைக் கணக்குப் போடுவதே “அம்பத்திரண்டு புயலுக்கு நான் இவ்வளவு உயரம்” என்றுதான். எங்கள் கொல்லைப்புற அறையில் நாட்டு ஓடு பறந்து, கள்ளிப்பெட்டி ராத்திரி முழுக்க நனைந்தது. விடிந்ததும் தாத்தா ஒவ்வொரு தாளாகப் பிரித்து, திண்ணையில் பரப்பி, மேலே புளியங்கொட்டை வைத்துக் காயவைத்தாராம். எல்லாம் பிழைத்தன, மூன்று வாரத்து இதழ்கள் தவிர. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டன. அவை ‘சுழற்காற்று’ என்ற பாகத்தின் கடைசி வாரங்கள். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை; அப்படித்தான் அமைந்தது.

தொடர் முடிந்ததும் தாத்தா பைண்டரைக் கூப்பிட்டு ஐந்து பாகமும் கட்டினார். மைதாப் பசையில் பூச்சிக்கு மயில்துத்தம், முதுகுக்கு ஊதாக் காலிகோ. நான் பன்னிரண்டு வயசில், கோடை விடுமுறையில், மாமா வீட்டு ஊஞ்சலில் படுத்துக்கொண்டு படித்தது அந்தக் கட்டுகளைத்தான். மணியத்தின் படத்துக்கு அப்போதே ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. பக்கத்தின் மறுபுறத்தில் வேறு ஏதோ கட்டுரையின் பாதி, தைலத்துக்கு விளம்பரம், யாரோ பென்சிலில் போட்ட பால் கணக்கு. புத்தகத்தைத் திறந்தால் மூக்கில் ஏறும் அந்த வாசனையில் பாதி மயில்துத்தம், பாதி பரணில் ஏற்றி வைத்த நெல் மூட்டை.

இரண்டாம் பாகத்தின் முடிவுக்கு வந்தேன். நடுக்கடல். கப்பலில் இடி விழுந்து பாய்மரம் எரிகிறது. எரிகிற கப்பலில் வந்தியத்தேவன், நீந்தத் தெரியாதவன். அடுத்த கட்டைத் திறந்தால் அடுத்த பாகம், கோடிக்கரை. நான் ஊஞ்சலிலிருந்து குதித்து அடுக்களைக்கு ஓடினேன்.

“பெரியம்மா, நடுவுல காணோம்!”

பெரியம்மா கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உக்காரு, சொல்றேன்” என்றாள். எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்து இப்படி ஓடிவந்திருப்பார்கள்.

அவள் சொன்ன கடல் எனக்கு இன்றைக்கும் உப்புக் கரிக்கும். அலை தென்னை உயரம். இளவரசர் சின்னப் படகில் குதித்துப் போகிறார், வந்தியத்தேவனை இழுத்துப் போடுகிறார், படகு உடைகிறது, ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இருவரும். அப்போது ஒரு பாட்டுச் சத்தம். பூங்குழலி! படகில் ஏற்றிப் போட்டுவிட்டு, “நீச்சல் தெரியாதவனுக்குக் கடல்ல என்னய்யா வேலை?” என்று இருவரையும் ஒரு பிடி பிடிக்கிறாள். சோழ இளவரசர் என்றும் பார்க்கவில்லை. குடித்த கடல் தண்ணீரை இருவரும் வாந்தி எடுக்கிறார்கள். அப்புறம் படகு மூலையிலிருந்து ஒரு கலயத்தை எடுக்கிறாள். பழைய சோறு. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். இளவரசர் கையை நீட்டி இரண்டாவது உருண்டையும் வாங்குகிறார். “ராஜா வீட்டுப் பிள்ளைக்கு அது வரைக்கும் நார்த்தங்காய் ருசியே தெரியாது” என்பாள் பெரியம்மா.

கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாயின. அதனால் மின்னூலாக ஐந்து பாகமும் காசில்லாமல் கிடைத்தது. நானும் தரவிறக்கிக் கொடுத்தேன். அந்த ஆடியில், மணல் ஓடிய காவிரிக்கு இருநூறு கஜ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கரைபுரண்ட வெள்ளத்தில் ஆரம்பிக்கிற அந்தக் கதையை அம்மா எழுபத்தேழாவது வயசில் எழுத்து எழுத்தாகப் படிக்கத் தொடங்கினாள். படம் இல்லை என்று ஒருநாள் முணுமுணுத்தாள். “வந்தியத்தேவன் முகம் மறந்துடும் போலருக்கே” என்றாள். ஐப்பசியில் ‘சுழற்காற்று’ முடிவுக்கு வந்தாள். அன்றைக்கு மழை. நான் குடையோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், கருவியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, எரியுதா கண்ணு?”

“இதுல சோத்தையே காணுமே.”

அந்த அத்தியாயங்களை மூன்று முறை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்திருக்கிறாள். கப்பல் எரிந்தது, படகு உடைந்தது, பூங்குழலி வந்தாள். கலயம் இல்லை. நார்த்தங்காய் இல்லை. திட்டும் இல்லை. “நெட்டுல போடறவங்க விட்டுட்டாங்களோ?” என்றாள். நான் இன்னொரு பதிப்பையும் எடுத்து ஒத்துப் பார்த்தேன். யாரும் எதையும் விடவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர். கருவி வந்த அன்று “இதை ராமபாணம் அரிக்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வழக்கைத் தீர்த்துவைப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். “பாடபேதம்” என்றார். ஏடு பெயர்த்து எழுதுகிறவன் செல்லரித்த இடத்துக்கு வந்தால் தனக்குத் தோன்றியதை எழுதி நிரப்பிவிட்டுப் போவான். ஊருக்கு ஒரு பாடம் கிளம்பும். இங்கிருந்து கும்பகோணம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருவாவடுதுறை மடம். அங்கே படித்த உ.வே. சாமிநாதையர் பிறகு சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களை ஒப்பிட்டுப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளைச் சிறு தேராகக் கட்டி ஆற்றில் விட்ட ஊர்களைப் பற்றியும் அவர் நெஞ்சு வெந்து எழுதியிருக்கிறார். “உங்க பெரியம்மா செஞ்சது இடைச்செருகல். ஆனா நல்ல இடைச்செருகல்” என்றார் ஆசிரியர். “அந்தக் கட்டைக் கொண்டு வாங்களேன், எந்த வரியில நின்னு எந்த வரியில தொடங்குதுன்னு பாப்போம்.”

நான் பதில் சொல்லவில்லை. மாமா வீட்டை இடித்தபோது அந்த ஐந்து கட்டும் என் பொறுப்புக்கு வந்து, எங்கள் பரணில்தான் இருந்தன. கிண்டில் வந்த மறு மாதம், வெள்ளையடிக்கிற சாக்கில் பரணை ஒழித்தேன். நாலாம் பாகத்தில் செல் ஏறியிருந்தது. எல்லாம்தான் கைக்குள் வந்துவிட்டதே என்று பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். செல்லரித்ததைத் தனியாக வைத்துவிட்டு மற்றதை மட்டும் அவர் தராசில் போட்டார். ஆறே கால் கிலோ. “அட்டை வேற காகிதம் வேற சார், அட்டைக்கு வெல கம்மி” என்று காலிகோ அட்டையை என் கண்ணெதிரே கிழித்து எடுத்தார். மயில்துத்த வாசனை வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் காசில் கருவிக்கு உறை வாங்கினேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. ஆசிரியர் கேட்டதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, “பரண்ல இல்லதானே?” என்றாள். இல்லை என்றேன். மோரை ஊற்றிக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“போனா போவுதும்மா. பெரியம்மா சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. கலயத்துல பழைய சோறு, நார்த்தங்காய்...”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“நார்த்தங்காயா? மாவடுடா.”

“இல்லம்மா, நார்த்தங்காய். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ‘ராஜா வீட்டுப் பிள்ளைக்கு நார்த்தங்காய் ருசி தெரியாது’ன்னு...”

“எங்க அக்கா எனக்குச் சொன்னப்ப மாவடு. நூறு தடவை சொல்லியிருக்கா, நூறு தடவையும் மாவடுதான்.” கையிலிருந்த சோற்று உருண்டையோடு கொஞ்ச நேரம் யோசித்தாள். “நீ மாவடுவ தொடவே மாட்ட. சின்னதுலேர்ந்தே உனக்கு நார்த்தங்காய் இருந்தாத்தான் சோறு இறங்கும். அதான் மாத்திச் சொல்லியிருக்கா.”

எழுந்து போய் ஊறுகாய் ஜாடியை எடுத்துவந்து என் இலையோரம் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, கப்பல் எரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.